செவ்வியல் இசைக்கு அனிமேஷன் துணையா, தொந்தரவா?

கேள்வி இதுதான்: "என் மகளுக்கு எட்டு வயது, பியானோ கற்றுக்கொள்கிறாள். கார்ட்டூனோடு வரும் மேற்கத்திய செவ்வியல் இசை என்றால் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறாள். வெறும் ஒலிப்பதிவைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள். படத்தோடு கேட்டுப் பழகினால் காது கெட்டுப்போகும் என்கிறார் என் அப்பா. அவர் கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் ரகம். அனிமேஷன் உண்மையிலேயே இசைக்கு ஏதாவது கூட்டுகிறதா? நம் கர்நாடக சங்கீதத்துக்கு இது சரிப்பட்டு வருமா?"

இருபது வருடத்துக்கும் மேலாக அனிமேஷன் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் பள்ளி நாட்களில் வயலின் கற்றேன். விட்டுவிட்டு, நாற்பது வயதில் மறுபடியும் அதே ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. உங்கள் அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, உங்கள் மகள் உட்கார்ந்து பார்ப்பதிலும் காரணம் இருக்கிறது.

என் அனுபவத்தில், இந்த இசைக்கு என்ன அர்த்தம் என்று சொல்லக் கிளம்பும் படம் பெரும்பாலும் இசையைக் குறுக்கிவிடுகிறது. இந்த இசையில் இப்போது எங்கே காது கொடுக்க வேண்டும் என்று காட்டுகிற படம் கேட்பவரை வளர்க்கிறது. இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை எளிது. படத்தை ஒரு முறை பாருங்கள். மறுநாள் அதே இசையைப் படமில்லாமல் கண்ணை மூடிக் கேளுங்கள். நேற்றுவரை காதில் விழாத ஒரு கருவி, ஒரு திருப்பம், ஒரு இடைவெளி இன்று கேட்டால் படம் தன் வேலையைச் செய்திருக்கிறது. வெறும் படக்காட்சிகள்தான் திரும்பி வருகின்றன என்றால் இசை இருந்த இடத்தில் படம் உட்கார்ந்துவிட்டது.

உங்கள் மகள் நிச்சயம் பார்த்திருப்பாள் என்பதால் டாம் அண்ட் ஜெர்ரியிலிருந்து தொடங்குகிறேன். டாம் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் பியானோ வாசிக்க, பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி விழித்துக்கொள்ளும் படம். 'தி கேட் கன்செர்ட்டோ' என்று பெயர், 1947-இல் வந்தது, ஆஸ்கர் வாங்கியது. வாசிக்கப்படுவது இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு எழுதிய இரண்டாம் ஹங்கேரியன் ராப்ஸடி. உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் லிஸ்டை முதலில் கேட்டது இந்தப் பூனை வழியாகத்தான். நானும் அவர்களில் ஒருவன்.

அது ஏன் நல்ல படம்? ஜெர்ரி படுத்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். சுத்தியல்கள் மேல் படுத்திருக்கிறான். டாம் விரலை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து தந்தியை அடிக்கிறது, அதோடு ஜெர்ரியும் தூக்கி எறியப்படுகிறான். பியானோ என்பது சுத்தியலால் அடிக்கும் வாத்தியம் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் படம் குழந்தைக்குச் சொல்லிவிடுகிறது. வலது கை மேல் ஸ்தாயியில் குறுகுறுவென்று ஓடும்போது ஜெர்ரி ஒரு பக்கம் ஓடுகிறான், இடது கை கீழே இறங்கும்போது மறுபக்கம். லிஸ்டின் ராப்ஸடி இரண்டு பாகம் உள்ளது: முதலில் நிதானமான 'லஷ்ஷான்', பிறகு வேகமெடுக்கும் 'ஃப்ரிஷ்கா'. பூனையும் எலியும் முறைத்துக்கொள்வது முதல் பாகத்தில், துரத்திக்கொள்வது இரண்டாம் பாகத்தில். கடைசியில் டாம் களைத்து விழ, கைதட்டலை ஜெர்ரி வாங்கிக்கொள்கிறான். வாசிப்பவரைக் களைப்பில் விழவைக்கும் அளவுக்குக் கடினமான முடிவு அது என்பதும் அதில் வந்துவிடுகிறது.

இதே ராப்ஸடிக்கு, டாம் அண்ட் ஜெர்ரியைத் தயாரித்த அதே எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக, ஒன்பது வருடத்துக்கு முன்பே இன்னொரு படம் வந்திருக்கிறது. 1938-இல் வந்த 'ஆன் ஆப்டிகல் போயம்'. எடுத்தவர் ஆஸ்கர் ஃபிஷிங்கர். ஜெர்மனிக்காரர், இளமையில் ஆர்கன் செய்யும் பட்டறையில் வேலை பழகியவர், 1936-இல் ஹாலிவுட்டுக்கு வந்தவர். அவர் படத்தில் பூனை இல்லை, எலி இல்லை, கதையும் இல்லை. வண்ணக் காகிதத்தில் வெட்டிய வட்டங்கள், முக்கோணங்கள், சதுரங்கள் மட்டும். அவற்றை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் துளி நகர்த்தி, ஆட்டம் நின்ற பிறகு ஒரு படம் எடுக்க வேண்டும். அந்தக் காகிதங்களின் ஆட்டத்தை நிறுத்த ஒரு நீண்ட குச்சியில் கோழி இறகைக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு இளைஞர் அங்கே கொஞ்ச நாள் உதவிக்கு நின்றார். அவர் ஜான் கேஜ், பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான இசையமைப்பாளர்களில் ஒருவர். ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஓர் உயிர் உறைந்திருக்கிறது, தட்டி அதிரவைத்தால் அது வெளியே வரும் என்று ஃபிஷிங்கர் அவரிடம் சொன்னாராம். தன்னைத் தாள வாத்தியங்களின் பக்கம் திருப்பியது அந்தப் பேச்சுதான் என்று கேஜ் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு மாணவர்களுக்குக் காட்டுவேன். பூனை வாசிப்பைக் காட்டுகிறது: விரல், சுத்தியல், வியர்வை. காகித வட்டங்கள் ஒலியின் உருவத்தைக் காட்டுகின்றன. ஒரு ஸ்வரம் பெரிதாக வந்து சிறுத்துத் தூரத்தில் மறைவது, ஒரு கூட்டம் ஸ்வரங்கள் ஒன்றை ஒன்று தொடர்ந்து வளைந்து போவது. இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, இரண்டும் வேண்டும்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். இசையையும் படத்தையும் கட்டிப்போடும் கயிறு ஒரு எண்: 24. திரைப்படத்தில் விநாடிக்கு 24 ஃப்ரேம். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் இசை என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃப்ரேம். இசையை முதலில் பதிவு செய்து, எந்த ஃப்ரேமில் எந்த ஸ்வரம் விழுகிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுப்போம். ஒரு ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 42 மில்லிவிநாடி. அசைவை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வைப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். கால் தரையைத் தொட்ட பிறகுதானே சத்தம் வர வேண்டும்! ஒலி முந்திவிட்டால் பார்ப்பவருக்கு ஏதோ பிசகியது உடனே தெரியும், என்ன பிசகு என்றுதான் சொல்லத் தெரியாது.

இவ்வளவு துல்லியமாகக் கட்ட முடிகிறதே என்று எல்லா ஸ்வரத்துக்கும் ஒரு அசைவு வைத்தால் அது பொறுக்க முடியாமல் போகும். பாத்திரம் படியேறினால் ஸ்வரமும் படியேறும், கண்ணடித்தால் ஒரு டிங். 'மிக்கி மவுஸிங்' என்றே இதற்குத் தொழிலில் பெயர். கச்சேரியில் ஒவ்வொரு சங்கதிக்கும் தலையாட்டும் ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு எப்படி இருக்கும்? எதை விட்டுவிடுவது என்பதில்தான் அனிமேட்டரின் இசையறிவு தெரியும்.

இதை மிக நன்றாகச் செய்த ஒரு இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். 1940 நவம்பரில் நியூயார்க்கில் வெளியான டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்தில், மிக்கி மந்திரவாதியின் சீடனாக வரும் பகுதி. இசை பிரெஞ்சுக்காரரான பால் டுகாஸ் 1897-இல் எழுதியது. அதற்கு மூலம் ஜெர்மன் கவிஞர் கதே 1797-இல் எழுதிய கவிதை. குரு இல்லாத நேரத்தில் சீடன் மந்திரம் போட்டு விளக்குமாற்றைத் தண்ணீர் சுமக்க வைக்கிறான், நிறுத்தும் மந்திரம் தெரியவில்லை, வீடு வெள்ளக்காடாகிறது. முதலில் இதைக் குறும்படமாகத்தான் தொடங்கினார்கள். செலவு ஏறிக்கொண்டே போனதால், இதனுடன் வேறு இசைப் பகுதிகளையும் சேர்த்து முழுப்படமாக ஆக்கினார்கள். இசை நடத்தியவர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி.

விளக்குமாறு நடக்கும் மெட்டை டுகாஸ் பாஸூனுக்குக் கொடுத்திருக்கிறார். நம் காதுக்குக் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி கேட்கும் நீண்ட மரக் குழல். மெட்டு மூன்று மூன்றாக நடக்கும், நம் கணக்கில் திஸ்ரம். இரண்டு காலுள்ள விளக்குமாறு மூன்று கணக்கில் நடந்தால் ஒரு தட்டில் வலது கால் முந்தும், அடுத்த தட்டில் இடது கால். அதனால்தான் அந்த நடையில் ஒரு தள்ளாட்டம், நிற்கவே நிற்காத ஒரு உருட்டல். படம் வரைந்தவர்கள் அந்தத் தள்ளாட்டத்தை வாளியில் வைத்தார்கள். வாளித் தண்ணீர் தளும்புவதைப் பார்த்தாலே தாளம் தெரியும்.

மிக்கி கோடாலியை எடுத்து விளக்குமாற்றைப் பிளக்கும் இடம் வருகிறது. வெட்டுவதை நேரடியாகக் காட்டவில்லை, சுவரில் விழும் நிழலில்தான் பார்க்கிறோம். ஆர்க்கெஸ்ட்ரா முழுதும் அலறி, சட்டென்று அடங்குகிறது. வண்ணங்கள் வடிந்துபோகின்றன. ஒன்றுமே நடக்கவில்லை. கச்சேரி அரங்கில் இந்த இடத்தில் பாட்டு முடிந்துவிட்டதோ என்று சிலர் அசைவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அடிமட்டத்தில் ஒரு ஸ்வரம் முனகுகிறது. கான்ட்ராபாஸூன், ஆர்க்கெஸ்ட்ராவின் மிகத் தாழ்ந்த குரல்களில் ஒன்று. திரையில் ஒரே ஒரு சிராய் அசைகிறது. மெட்டு மெல்ல மறுபடி எழுந்து நடக்கத் தொடங்க, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கருவி அதே மெட்டோடு கிளம்புகிறது. கதேயின் கவிதையில் ஒரு விளக்குமாறு இரண்டாகிறது. டுகாஸ் அதைத்தான் ஒன்றைத் துரத்தும் இன்னொரு குரலாக எழுதியிருக்கிறார். டிஸ்னி அதை நூற்றுக்கணக்கான விளக்குமாறுகளின் படையாக ஆக்கிவிட்டார். எண்ணிக்கையில் மூலத்தை மீறியது. ஆனால் ஒரு சிராய், இன்னொரு சிராய், வரிசை, படை என்று எழுந்த ஒழுங்கு இசையில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் ஒழுங்குதான். என் மாணவர் ஒருவர் இதைப் பார்த்த பிறகு வெறும் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, "சார், இரண்டாவது குரல் எங்கே நுழையுதுன்னு இப்பதான் கேக்குது" என்றார். நான் சொன்ன சோதனையில் இது தேறிவிட்டது.

அதே படத்திலேயே தோற்ற இடமும் இருக்கிறது. பேத்தோவனின் ஆறாவது சிம்பொனி, 'பாஸ்டரல்', 1808-இல் முதலில் வாசிக்கப்பட்டது. கிராமத்துக்குப் போய்ச் சேரும் மகிழ்ச்சி, ஓடையோரம், ஊர்க்கொண்டாட்டம், புயல், புயலுக்குப் பின் இடையர்களின் நன்றிப் பாட்டு என்று ஐந்து பாகத்துக்கும் அவரே தலைப்பு கொடுத்தார். கூடவே, இது காட்சியை வரைவதைவிட உணர்வை வெளிப்படுத்துவது என்று குறிப்பும் எழுதி வைத்தார். இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும், டிஸ்னி அதைச் சுருக்கி, மேலே கிரேக்கப் புராணக் குதிரை மனிதர்களையும் இறக்கை முளைத்த குதிரைகளையும் கொண்டுவந்து வைத்தார். இனிப்பாக, அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓடையோரப் பாகத்தில் தந்திக் கருவிகள் அடியில் சலசலத்துக்கொண்டே இருப்பதை அந்தப் படத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. குதிரைப் பெண்கள் தலைக்குப் பூச்சூடுவதுதான் ஞாபகத்தில் நிற்கும். உங்கள் அப்பா பயப்படுவது இந்த வகைப் படத்துக்குத்தான், அதில் நியாயம் இருக்கிறது.

இத்தாலியரான புரூனோ போட்ஸெட்டோ 1976-இல் ஃபேன்டேசியாவுக்குப் பதில் சொல்வதுபோல் ஒரு முழுநீளப் படம் எடுத்தார். அதில் ராவேலின் 'பொலேரோ' வரும். 1928-இல் எழுதப்பட்ட இசை. சிறு முரசு ஒரே தாளக்கட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை விடாமல் அடிக்கும், அதன் மேல் ஒரே மெட்டு கருவி மாறி மாறி வரும், ஒலி மட்டும் பெருகிக்கொண்டே போகும். போட்ஸெட்டோ என்ன செய்தார்? விண்கலம் ஒன்று விட்டுப்போன குளிர்பானப் பாட்டிலின் அடியில் மிச்சமிருந்த துளியிலிருந்து உயிர் ஊறிக் கிளம்பி, விலங்குகளாக உருமாறி, நிற்காமல் நடந்துகொண்டே இருக்கின்றன. கதை அவருடைய கற்பனை, ராவேலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் நடை நிற்கவில்லை, கூட்டம் பெருகுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் உருவம் மாறுகிறது. பொலேரோவின் உடம்பு அதுவேதான். கதை சேர்த்தாலே தப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கதையின் எலும்பும் இசையின் எலும்பும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடியும் ஃபிஷிங்கர். ஃபேன்டேசியாவின் தொடக்கத்தில் வரும், இசையமைப்பாளர் பாக்கின் டொக்காட்டா பகுதிக்கு அவர் வேலை செய்தார். அவருடைய அருவ வடிவங்களைப் பார்வையாளருக்குப் புரியும்படி மாற்றிக்கொண்டே இருந்தார்கள், 1939-இல் விலகிவிட்டார். பிறகு 1947-இல் தனியாக ஒரு படம் முடித்தார். 'மோஷன் பெயின்டிங் நம்பர் 1'. பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க் கன்செர்ட்டோ. கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் ஒரு தீற்று, ஒரு ஃப்ரேம் படம். இன்னொரு தீற்று, இன்னொரு ஃப்ரேம். மாதக்கணக்கில் இப்படியே. கிடைத்தது 11 நிமிடப் படம். இதில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒட்டும் வேலையே கிடையாது. வண்ணச் சுருள்கள் தம் போக்கில் விரிகின்றன, பாக் தன் போக்கில் போகிறார். ஆனால் சிறு துண்டு ஒன்றை எடுத்து அதையே அடுக்கி அடுக்கி மாளிகை கட்டுவது பாக்கின் முறை. தீற்று தீற்றாக ஓவியம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டுமானப் பொறுமை நமக்குள் வந்துவிடும். எனக்கு அனிமேஷனில் மிகப் பிடித்த 11 நிமிடம் அது. குழந்தைக்கு இப்போது பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை.

பாக்கை விளக்க இன்னொரு வழியும் இருக்கிறது, அது உங்கள் மகளுக்கு உடனே உதவும். ஸ்டீபன் மலினோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் 1980களிலிருந்து 'மியூசிக் அனிமேஷன் மெஷின்' என்ற பெயரில் செய்துவருவது. கறுப்புத் திரையில் வண்ணப் பட்டைகள் வலமிருந்து இடமாக நகரும். பட்டை உயரத்தில் இருந்தால் மேல் ஸ்வரம், நீளமாக இருந்தால் நீண்ட ஸ்வரம், குரலுக்கு ஒரு நிறம். ஒலிக்கும் கணத்தில் அந்தப் பட்டை பளிச்சிடும். வேறு ஒன்றுமே இல்லை. ஆனால் ஃப்யூக் என்ற வடிவத்தில் ஒரே மெட்டு நான்கு குரலில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைவதை, நோட்டு வாசிக்கத் தெரியாதவரும் இதில் பார்த்துக்கொண்டே கேட்கலாம். இன்னும் முக்கியம், வரப்போகும் பட்டை முன்கூட்டியே தெரிகிறது. தேர்ந்த ரசிகருக்கும் புதிதாகக் கேட்பவருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதானே? தேர்ந்தவர் அடுத்து வரப்போவதை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் படம் புதியவருக்குக் கடன் கொடுக்கிறது.

இனி நம் சங்கீதம். இந்தப் பட்டை முறையை நேராக இங்கே கொண்டுவந்தால் முதல் ராகத்திலேயே உடைந்துபோகும். தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் சாதாரண காந்தாரம், எழுதினால் வெறும் 'க'. ஆனால் பாடும்போது அது தன் வீட்டில் உட்காருவதே அபூர்வம். கீழே உள்ள ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மேலே உள்ள மத்தியமத்தின் பக்கம் ஏறி, அந்த அசைவுதான் காந்தாரம். பட்டையாக வரைந்தால் பொய். கோடாக, வளைவாக வரைந்தால்தான் தோடி.

வளைவுக்கு மேற்கிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1999 கடைசியில் வந்த 'ஃபேன்டேசியா 2000' படத்தில் கெர்ஷ்வினின் 'ராப்ஸடி இன் ப்ளூ'. 1924-இல் அந்த இசைக்கான ஒத்திகையில், தொடக்கத்தில் படிப்படியாக ஏற வேண்டிய கிளாரினெட் வரிசையை ராஸ் கோர்மன் என்ற வாசிப்பாளர் விளையாட்டாக வழுக்கி இழுத்தார். கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். நம் மொழியில் சொன்னால் படிப்படியான ஆரோகணத்தை ஜாருவாக, அதாவது வழுக்கலாக, மாற்றிவிட்டார். அனிமேட்டர் எரிக் கோல்ட்பெர்க் அந்த இடத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டும் திரையில் விட்டார். கிளாரினெட் வழுக்கி ஏற ஏறக் கோடும் ஏறி வளைந்து, நியூயார்க் கட்டடங்களின் விளிம்பாக மாறுகிறது. ஒரு ஜாருவை இதைவிட நன்றாக நான் படத்தில் பார்த்ததில்லை.

நம் ஊர்ப் பாடகர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். ராகத்தைத் தாளமில்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனையின்போது அவர்கள் கையைப் பாருங்கள். வளைந்து, சுழன்று, ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது விரல் நுனியில் நின்று, கை காற்றில் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறது. அப்பா கண்ணை மூடிக் கேட்கலாம். ஆனால் பக்கத்து வரிசையில் பாதிப் பேர் அந்தக் கையைப் பார்த்துத்தான் ஸ்வரத்தின் அசைவான கமகத்தைப் பின்தொடர்கிறார்கள். இசைக்குக் கண் உதவி செய்வது நமக்குப் புதுசு இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். நம் லயக் கணக்கிலேயே உருவங்கள் இருக்கின்றன. சொற்கட்டு கூடியும் குறைந்தும் போகும் அமைப்புக்கு யதி என்று பெயர். கோபுச்ச யதி என்றால் பசுவின் வால்போல் அகலத்தில் தொடங்கிக் கூர்ந்துபோவது. ஸ்ரோதோவஹ யதி என்றால் ஆறுபோல் சிறிதாகத் தொடங்கி விரிவது. மிருதங்க யதி நடுவில் பருத்தது, டமரு யதி நடுவில் ஒடுங்கியது. முத்துசுவாமி தீட்சிதரின் ஆனந்தபைரவி கிருதியில் 'த்யாகராஜ யோக வைபவம்' என்ற வரி 'அகராஜ யோக வைபவம்', 'ராஜ யோக வைபவம்', 'யோக வைபவம்', 'வைபவம்', 'பவம்', 'வம்' என்று தேய்ந்துகொண்டே போகிறதே, அதுதான் பசுவின் வால். பொருளும் கெடாமல், எழுத்து எழுத்தாக உதிர்ந்து போகிறது. அதே கிருதியில் பின்னால் 'ப்ரகாசம்', 'ஸ்வரூப ப்ரகாசம்', 'தத்வ ஸ்வரூப ப்ரகாசம்' என்று ஆறாக விரியும் இடமும் உண்டு. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து பெருகுவதை நினைத்துப் பாருங்கள். இதற்கு யாரும் எதையும் கற்பனை செய்து ஒட்டவைக்க வேண்டியதில்லை, தீட்சிதரே வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தாளத்தில் ஒரு தொழில் சிக்கல் வரும். நிமிடத்துக்கு 60 அட்சரம், அதாவது தாளத்தின் 60 எண்ணிக்கை, என்று வைத்தால் ஒரு அட்சரத்துக்கு 24 ஃப்ரேம். அட்சரத்தை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் ஒரு சொல்லுக்கு 6 ஃப்ரேம், மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரத்தில் 8. கச்சிதம். கண்டத்துக்கு வந்தால் 24-ஐ ஐந்தால் வகுக்க வேண்டும், 4.8 ஃப்ரேம். மிஸ்ரத்துக்கு ஏழால் வகுத்தால் இன்னும் மோசம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு அனிமேஷன் செய்யப்போய் இதில் நான் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டேன். 5, 5, 5, 5, 4 என்று பகிர்ந்தால் கடைசிச் சொல் குறுகிப்போவது கண்ணுக்குத் தெரிகிறது. விநாடிக்கு 60 ஃப்ரேமுக்கு மாறிய பிறகு கண்டத்துக்குச் சரியாக 12 வந்தது, பிரச்சினை தீர்ந்தது. மிஸ்ரம் அப்போதும் வகுபடாது, ஆனால் ஒரு ஃப்ரேமே அவ்வளவு சிறிதாகிவிடுவதால் கண்ணுக்குப் பிசகு தெரிவதில்லை.

மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனை செய்து பாடுவது, இதைவிடப் பெரிய கேள்வி. லிஸ்டின் ராப்ஸடி காகிதத்தில் இருக்கிறது, நாளைக்கும் அதேதான். ஆலாபனை அந்த மாலையோடு போய்விடும். ஒரு பாடகரின் பத்து நிமிடத் தோடிக்கு நான் மூன்று மாதம் படம் வரைந்தால், அந்தப் பத்து நிமிடம் இனிமேல் மாறாத ஒரு உருப்படியாக இறுகிவிடுகிறது. பார்க்கும் குழந்தை, தோடி என்றாலே இதுதான் என்று நினைத்துவிடலாம். ஆகையால் ஆலாபனைக்குப் படம் செய்பவர்கள் ஒரே ராகத்தில் இரண்டு பேர் பாடியதையாவது அடுத்தடுத்துக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. கோடு எங்கே ஒன்றுபோல் வளைகிறது, எங்கே பிரிகிறது என்று பார்த்தால் ராகம் எது, பாடகர் எது என்று பிடிபடும்.

நான் ஒரு முறை தோடிக்கு ஒன்றரை நிமிடம் செய்து பார்த்தேன். உருவத்துக்கு எங்கும் போகவில்லை, வீட்டு வாசலில் இருந்ததையே எடுத்துக்கொண்டேன். சிக்குக் கோலத்தில் புள்ளி அசையாமல் இருக்கும், கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து போகும். காந்தாரத்துக்கு ஒரு புள்ளி, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று. பாட்டின் சுருதியைக் கணினியில் அளந்து எடுத்த வளைவு அந்தப் புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு போகும். முடித்துவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் என் வயலின் ஆசிரியரிடம் காட்டினேன். அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"கோடு நல்லாத்தான்பா போறது," என்றார். "மூச்சு வாங்கற இடத்துல ஏன் எல்லாம் இருட்டாயிடறது?"

"பாட்டு அங்கே இல்லையே சார்."

"சுருதி இருக்கே. அவர் நிறுத்தினாத்தானே தம்புரா நன்னா கேக்கும்?"

நான் அதுவரை தம்புராவை வரையவே இல்லை. வீட்டுக்கு வந்து அடியில் ஒரு மெல்லிய இழை வைத்தேன். பாட்டு இருக்கும்போது மங்கலாக இருக்கும், குரல் நிற்கும்போது பிரகாசமாகும். கோடு எங்கே போனாலும் கடைசியில் அந்த இழையில் வந்து இறங்கும். அடுத்த வாரம் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். அந்தத் தடவை பாதியில் கண்ணை மூடிக்கொண்டார்.

உங்கள் மகளுக்கு இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். புரோகோஃபியேவின் 'பீட்டர் அண்ட் தி உல்ஃப்' இசைக்கு சூசி டெம்பிள்டன் 2006-இல் எடுத்த பொம்மை அனிமேஷன் படம் இருக்கிறது, அதுவும் ஆஸ்கர் பெற்றது. 1936-இல் புரோகோஃபியேவ் எழுதியது கதைசொல்லியோடு. டெம்பிள்டன் கதைசொல்லியை எடுத்துவிட்டார், அதனால் கருவிகளே பேசியாக வேண்டும். பறவை புல்லாங்குழல், வாத்து ஓபோ, பூனை கிளாரினெட், தாத்தா பாஸூன், ஓநாய் மூன்று ஹார்ன். ஒரு முறை பார்க்கட்டும். ஓநாய் வரும் இடங்களில் அவள் பயந்தால் பக்கத்தில் இருங்கள். இரண்டு நாள் கழித்து, காரில் போகும்போது ஒலியை மட்டும் போட்டு, இப்போ யார் வர்றாங்க என்று கேளுங்கள். சரியாகச் சொல்லச் சொல்ல, அவளாகவே படமில்லாமல் கேட்கத் தொடங்கியிருப்பாள். அப்பாவையும் அந்தக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர் முறை: ஒரு தோடி ஆலாபனையைப் போட்டுவிட்டு, பேத்தியிடம் ஒரு பெரிய காகிதத்தையும் கிரேயானையும் கொடுத்து, கையை எடுக்காமல் குரலோடு கோடு போடச் சொல்லட்டும்.